குடமும் காதும்: கிட்டார் வாங்கும் முன் கொஞ்சம் வரலாறு



என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒருவர் போன வாரம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். அவருக்கு மட்டும் பதில் எழுதத்தான் ஆரம்பித்தேன். அது ஒரு கட்டுரையாகவே நீண்டுவிட்டது. மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று அவருடைய சம்மதத்தோடு இங்கே பதிகிறேன். நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

அவர் திருமங்கலம் பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். ஞாயிறுதோறும் சர்ச்சில் பாடகர் குழுவோடு கிட்டார் வாசிக்கிறார். திருவிழாக் காலத்தில் மெல்லிசைக் குழுவுக்கும் போய்வருவார். அவர் கேட்டது இது: "சார், செமி ஹாலோ எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று குறைந்த விலையில் வாங்கி, பிறகு அதில் நல்ல பிக்கப் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். மகள் பிளஸ் டூ முடிக்கப் போகிறாள். இந்த நேரத்தில் இது வேண்டாத செலவு என்று வீட்டில் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

பள்ளி ஆண்டு விழாக்களில் நான் கிட்டார் வாசித்ததைப் பார்த்தவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். அந்தப் பழக்கத்தில்தான் என்னிடம் கேட்டிருக்கிறார். இது வேண்டாத செலவா இல்லையா என்பதற்கு விலைப்பட்டியலில் பதில் கிடைக்காது. அந்தக் கருவி எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் பதில் தானாக வரும் என்பது என் எண்ணம்.

*சத்தம் போதாத கருவிகள்*

நரம்புக் கருவிகளுக்கு எந்தக் காலத்திலும் ஒரே குறைதான். இனிமை உண்டு, சத்தம் போதாது. கம்பியை மட்டும் இரண்டு ஆணிகளுக்கு நடுவில் இழுத்துக் கட்டித் தட்டிப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது. அதனால்தான் நம் முன்னோர் யாழுக்குப் 'பத்தர்' என்ற கூட்டை வைத்தார்கள். அதன்மேல் தோல் போர்த்தினார்கள். பொருநராற்றுப்படையில் யாழின் உறுப்புகள் ஒவ்வொன்றாக வருணிக்கப்படுகின்றன. அவற்றையெல்லாம் ஆராய்ந்து விபுலாநந்த அடிகள் எழுதிய 'யாழ் நூல்' 1947-இல் வெளிவந்தது.

வீணைக்கும் அதே ஏற்பாடுதான். தஞ்சாவூரில் பலா மரத்தைக் குடைந்து குடம் செய்கிறார்கள். கம்பி அதிர்ந்தால் குதிரை அதிரும். குதிரை அதிர்ந்தால் குடத்தின் மேற்பலகை அதிரும். உள்ளே இருக்கும் காற்றும் சேர்ந்து அதிர்ந்து ஒலி பெரிதாகும். ஆனாலும் ஒரு எல்லை உண்டு. வீணை தனம்மாள் (1867-1938) சென்னை ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பதைக் கேட்கச் சிறு கூட்டம்தான் உட்காரும். மூச்சுவிடும் சத்தம்கூடத் தொந்தரவு என்ற அளவுக்கு அமைதி வேண்டும்.

நம் மதுரையில் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே நாதஸ்வரமும் தவிலும்தான் எடுபடும். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்துக்கு நாதஸ்வரம் வாசித்த எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் நம் மதுரைக்காரர்கள். அவர்கள் வாத்தியத்துக்கு வீதியே போதும். வீணைக்கு ஒரு அறை வேண்டும்.

அமெரிக்காவில் கிட்டார்காரர்களும் இதே நிலையில்தான் இருந்தார்கள். 1930-களின் நாட்டியக் குழுக்களில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் முழங்கும்போது, கிட்டார்காரர் தாளத்துக்குக் கம்பியை வருடிக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார். தனியாக ஒரு அடி வாசித்தால் யாருக்கும் கேட்காது.

*காந்தம் வந்தது*

1831-இல் ஃபாரடே கண்டுபிடித்ததை உங்களுக்கு நடத்தியிருக்கிறேன். கம்பிச் சுருளுக்கு அருகே காந்தப்புலம் மாறினால் சுருளில் மின்சாரம் உண்டாகும். சைக்கிள் டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்துவிட்டு மிதித்தவர்களுக்கு இது புத்தகமே இல்லாமல் தெரியும். கிட்டார் பிக்கப் ஒரு குட்டி டைனமோ என்று வைத்துக்கொள்ளுங்கள். டைனமோவில் காந்தம் சுழல்கிறது. பிக்கப்பில் காந்தமும் சுருளும் அசையாமல் இருக்கின்றன. மேலே இருக்கும் இரும்புக் கம்பி ஆடி, காந்தப்புலத்தைக் கலைக்கிறது. அதனால்தான் நைலான் கம்பி போட்ட கிட்டாருக்கு இந்தப் பிக்கப் வேலை செய்யாது.

ஜார்ஜ் பியூசாம்ப் என்பவர் 1931-இல் இந்த முறையில் ஒரு கிட்டார் செய்தார். அலுமினியத்தில் வார்த்த அதன் வடிவத்தைப் பார்த்து 'வறுக்கும் சட்டி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் கதை அங்கேதான் தொடங்குகிறது. அது மடியில் படுக்க வைத்து வாசிக்கும் ஹவாய் கிட்டார். நெஞ்சோடு அணைத்து வாசிக்கும் சாதாரணக் கிட்டாருக்குக் கிப்சன் நிறுவனம் 1936-இல் பிக்கப் பொருத்தி இ.எஸ்-150 என்று விற்றது. 'இ.எஸ்' என்றால் எலக்ட்ரிக் ஸ்பானிஷ். ஆம்பிளிஃபயரோடு சேர்த்து ஏறக்குறைய 150 டாலர் என்பதால் அந்த எண்.

அதை வாங்கி வாசித்தவர்களில் ஒருவர் சார்லி கிறிஸ்டியன் என்ற ஓக்லஹோமா இளைஞர். 1939-இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்தார். பின்வரிசைக் கிட்டார் முன்வரிசைக்கு வந்தது. காசநோயால் 1942-இல் அவர் இறந்தபோது வயது 25. அந்த மூன்று ஆண்டுகளில் கிட்டாரின் இடத்தையே மாற்றிவிட்டுப் போனார். தனம்மாள் மறைந்ததற்கு அடுத்த ஆண்டில் இது நடந்தது என்பதையும் பாருங்கள். உலகத்தின் ஒரு மூலையில் மெல்லிய ஒலியின் காலம் முடிகிறது. இன்னொரு மூலையில் அதைப் பெரிதாக்கும் வழி திறக்கிறது.

*ஊளை*

வழி திறந்ததும் புதிய தொல்லை ஒன்று வந்தது. ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்தபடி ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றால் 'கூ' என்று கத்துமே, ரேடியோ செட்காரர் ஓடிவருவாரே, அதே தொல்லைதான். ஸ்பீக்கரில் வரும் சத்தம் கிட்டாரின் உள்ளீடற்ற கூட்டை அதிர வைக்கும். கூடு கம்பியை அதிர வைக்கும். பிக்கப் அதை மறுபடி ஆம்பிளிஃபயருக்கு அனுப்பும். சத்தம் சுற்றிச் சுற்றி வளர்ந்து ஊளையாகிவிடும்.

சத்தத்துக்காக வைத்த குடம், மின்சாரம் வந்தபின் அதே சத்தத்துக்கு எதிரியாகிவிட்டது. பி.பி. கிங் தம் கிட்டாரின் எஃப் வடிவத் துளைகளில் துணியை அடைத்து ஊளையைச் சமாளித்தார். 1980-இல் கிப்சன் அவர் பெயரால் 'லூசில்' கிட்டாரை வெளியிட்டபோது துளையே இல்லாமல் செய்தது.

அப்படியானால் குடத்தையே எடுத்துவிட்டால் என்ன? லெஸ் பால் என்ற இசைக்கலைஞர் 1940-ஐ ஒட்டி அதைத்தான் செய்தார். நியூயார்க்கில் எபிஃபோன் தொழிற்சாலையில், விடுமுறை நாட்களில் உட்கார்ந்து, நாலுக்கு நாலு அங்குல பைன் கட்டையில் கம்பியையும் பிக்கப்பையும் பொருத்தினார். அதற்கு 'கட்டை' என்றே பெயர். கட்டையாக எடுத்துப் போனபோது மக்கள் ரசிக்கவில்லை என்றும், ஒரு எபிஃபோன் கிட்டாரின் உடலை இரண்டாக அறுத்து இரு பக்கமும் சிறகுபோல ஒட்டிக்கொண்டு போனதும் கைதட்டினார்கள் என்றும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கண்ணும் சேர்ந்துதான் கேட்கிறது!

1950-ஐ ஒட்டி, கலிஃபோர்னியாவில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை நடத்திவந்த லியோ ஃபெண்டர் முழுக் கட்டைக் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஊளை நின்றது. ஆனால் பழைய கூட்டின் மென்மையும் போய்விட்டது என்று பலர் வருந்தினார்கள்.

1958-இல் கிப்சனின் தலைவர் டெட் மெக்கார்ட்டி இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம் செய்தார். உடலின் நடுவே தலையிலிருந்து கால்வரை மேப்பிள் கட்டை. இரண்டு பக்கமும் கூடு. இதுதான் இ.எஸ்-335. செமி ஹாலோ என்று நம் மாணவர் கேட்பது இந்தக் குடும்பத்தைத்தான்.

ஒரு செய்தியை அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த இ.எஸ்-335-இன் மேற்பலகையும் பின்பலகையும் ஒற்றை மரத்தில் செதுக்கியவை அல்ல. மெல்லிய மரத்தாள்களை ஒட்டி அழுத்திய ஒட்டுப்பலகை. அதாவது பிளைவுட். "விலை குறைந்த கிட்டார் எல்லாம் பிளைவுட் சார்" என்று யாராவது மூக்கைச் சுளித்தால், விலை உயர்ந்த மூலமும் பிளைவுட்தான் என்று சொல்லுங்கள்.

*இரட்டைச் சுருள்*

டியூப் லைட் சோக் 'ம்ம்ம்' என்று இரைவதைக் கேட்டிருப்பீர்கள். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகளாகத் திசை மாறிமாறி ஓடுகிறது. அதன் காந்தப்புலம் பிக்கப் சுருளிலும் ஏறி இரைச்சலாக வரும். கிப்சனில் வேலை செய்த சேத் லவர் இதற்கு ஒரு வழி கண்டார். அவரும் ரேடியோ பழுதுபார்த்தவர்தான்! ஒன்றுக்குப் பதில் இரண்டு சுருள் வைத்தார். ஒன்றில் காந்த முனையைத் திருப்பி, சுற்றின் திசையையும் எதிராக்கினார். கம்பியின் ஒலி இரண்டிலும் ஒன்றுசேர்கிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அழிகிறது. இதுதான் 'ஹம்பக்கர்'. 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1959-இல் கிடைத்தது. 1958-இன் இ.எஸ்-335-இல் இரண்டு ஹம்பக்கர்கள் இருந்தன.

ஒரு சுருளுக்குச் சுமார் 5,000 சுற்று, தலைமுடி போன்ற செம்புக் கம்பி, ஒரு காந்தம். பிக்கப் என்பது இவ்வளவுதான். ஆனால் சுற்றின் எண்ணிக்கை, காந்தத்தின் வகை இவை மாறினால் தொனி மாறும். மலிவான கிட்டாரில் பெரும்பாலும் இங்கேதான் சிக்கனம் செய்கிறார்கள். அதனால்தான் இதை மாற்றும் ஆசை வருகிறது.

*நம் பக்கத்துக் கதை*

கிட்டார் நம் ஊருக்குப் புதிது அல்ல. தேவாலயப் பாடகர் குழுக்கள், மெல்லிசைக் குழுக்கள், நாடக மேடைகள் என்று பல வழிகளில் பழகிய கருவி. பண்ணைப்புரம் இன்று தேனி மாவட்டம். அன்று மதுரை மாவட்டம். அண்ணன் பாவலர் வரதராசனோடு மேடை மேடையாகச் சென்ற இளையராஜா, 1968-இல் சென்னை போய் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வில் கிளாசிக்கல் கிட்டாருக்குத் தங்கப்பதக்கம் பெற்றார். 1976-இல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன்பு அவர் மற்ற இசையமைப்பாளர்களிடம் கிட்டார் வாசித்தவர். நம் வட்டாரத்துப் பிள்ளைகள் கிட்டாரைத் தங்கள் கருவியாக நினைக்கத் தொடங்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

பிக்கப் என்ன செய்யும் என்பதற்குச் சிறந்த சாட்சி மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969-2014). சாதாரண மாண்டலினில் நான்கு ஜோடிக் கம்பிகள். ஒலி சட்டென்று அடங்கிவிடும். கமகத்துக்கு நீண்டு நிற்கும் ஒலி வேண்டும். அவர் ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட மின்சார மாண்டலினுக்கு மாறினார். கர்நாடக இசை மேடையில் அந்தக் கருவிக்கு இடம் கிடைத்தது. கருவியைத் தம் இசைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வது சிறுபிள்ளைத்தனம் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

நல்ல கருவி கிடைப்பதுதான் அந்தக் காலத்தில் கடினம். வெளிநாட்டுக் கிட்டாருக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தது. கல்கத்தாவில் செய்யும் கிட்டார்தான் பெரும்பாலும் கைக்கு எட்டும். 2001 ஏப்ரலில் நுகர்பொருள்கள் மீதான அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கின. அதே காலத்தில் சீனாவிலும் இந்தோனேசியாவிலும் பெரிய நிறுவனங்களின் மலிவு வகைகள் தயாராகத் தொடங்கின. எபிஃபோன் டாட், ஐபனெஸ் ஆர்ட்கோர் (2002), கிரெட்ச் ஸ்ட்ரீம்லைனர் (2016) என்பவை அப்படி வந்தவை. லெஸ் பால் கட்டையை அறுத்த அதே எபிஃபோன் 1957 முதல் கிப்சன் கையில் இருக்கிறது.

இன்னொரு நெருக்கமும் உண்டு. கிட்டார் கழுத்தின் விரற்பலகைக்கு நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம், அதாவது தோதகத்தி, உலகமெங்கும் போனது. 2017-இல் அந்த மரக் குடும்பத்தின் வணிகத்துக்குச் சர்வதேசக் கட்டுப்பாடு வந்தபோது, பல நிறுவனங்கள் மலிவு வகைகளில் 'இந்தியன் லாரல்' மரத்துக்கு மாறின. அது வேறொன்றும் இல்லை, நம் கருமருது. 2019-இல் செய்து முடித்த கருவிகளுக்கு விலக்கு வந்தது. ஆனால் கருமருது தங்கிவிட்டது. விரற்பலகையில் லாரல் என்று எழுதியிருந்தால் மட்டம் என்று நினைக்க வேண்டாம்.

*இனி வாங்கும் விஷயம்*

மேலே சொன்ன வரலாற்றிலிருந்து ஒன்று தெளிவாகிறது. இந்தக் கருவி குடம் ஒன்று, காது ஒன்று என்று இரண்டாகப் பிரிந்தே வளர்ந்தது. பிக்கப்தான் காது. அதைப் பிறகு மாற்றலாம். கழுத்து, நடுக்கட்டை, ஒட்டு வேலை ஆகியவற்றை மாற்ற முடியாது. ஆகவே இன்றைய பணத்தை மாற்ற முடியாததற்குக் கொடுங்கள்.

ஒன்று: கழுத்து. தலைப்பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். லேத்தில் சாஃப்ட் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற கண் உங்களுக்கு உண்டு. முறுக்கு இருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். எல்லாக் கட்டங்களிலும் ஒவ்வொரு கம்பியையும் வாசித்து, இரைச்சலோ ஊமையோ இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு: நடுக்கட்டை. எஃப் துளைக்குள் மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். எபிஃபோன் கேசினோ (1961) பார்ப்பதற்கு இ.எஸ்-335 போலவே இருக்கும், பீட்டில்ஸ் வாசித்தது. ஆனால் உள்ளே முழுக் கூடு, நடுக்கட்டை கிடையாது. சர்ச்சுக்குள் அது அழகாக ஒலிக்கும். திருவிழா மேடையில் பெரிய ஸ்பீக்கருக்கு அருகில் ஊளையிடும். உங்களுக்கு நடுக்கட்டை வேண்டும்.

மூன்று: பிக்கப்பின் அளவு. வழக்கமான ஹம்பக்கர் சுமார் 70 மி.மீ. நீளம், 38 மி.மீ. அகலம். அந்த அளவாக இருந்தால் எந்த நிறுவனத்தின் பிக்கப்பும் உட்காரும். மினி ஹம்பக்கர், பி-90, ஃபில்டர்ட்ரான் போன்றவை வேறு அளவு. அவற்றுக்காக மேற்பலகையை வெட்டுவது நல்லதல்ல. கடைக்குப் போகும்போது ஸ்கேலை எடுத்துப் போங்கள்.

நான்கு: உள் வேலை. கட்டைக் கிட்டாரில் பின்மூடியைத் திறந்து வயரிங்கைத் தொடலாம். செமி ஹாலோவில் பெரும்பாலும் அந்த மூடி கிடையாது. எல்லாவற்றையும் பிக்கப் குழி அல்லது எஃப் துளை வழியாகத்தான் வெளியே எடுக்க வேண்டும். வால்யூம், டோன் குமிழ்களின் தண்டில் நீளமான நூலைக் கட்டிவிட்டுப் பிறகு உள்ளே தள்ளுங்கள். திரும்ப இழுக்க அந்த நூல்தான் வழி. எந்த வயர் எங்கே போகிறது என்று கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சாயங்காலத்தில் முடிக்க வேண்டும் என்று உட்காராதீர்கள். சால்டரிங் பழகிய நல்ல ரேடியோ மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஐந்து: அவசரம் வேண்டாம். வாங்கியதும் புதுக் கம்பி மாட்டி, கம்பியின் உயரத்தைச் சரிசெய்து, பிக்கப்பின் இரு பக்க ஸ்குரூவைத் திருகி அதைக் கம்பிக்கு அருகிலும் தள்ளியும் வைத்துக் கேளுங்கள். இதற்குக் கம்பி விலை தவிரச் செலவே இல்லை. தொனியில் வரும் மாற்றம் உங்களை ஆச்சரியப்படுத்தும். ஆறு மாதம் அப்படியே வாசியுங்கள். அதன் பிறகும் மனம் நிறையவில்லை என்றால் பிக்கப் வாங்குங்கள். ஜோடியின் விலை கிட்டார் விலையில் பாதியைத் தாண்டவேண்டாம் என்பது என் கணக்கு. தாண்டினால் அந்தப் பணத்தை ஆம்பிளிஃபயருக்குக் கொடுப்பது மேல்.

தம்பி, உங்கள் வீட்டுக் கேள்விக்கு வருகிறேன். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஒரு கடைசித் தேதி உண்டு, அது காத்திருக்காது. பிக்கப் காத்திருக்கும். முதலில் மகளுக்கு உரியதை எடுத்து வையுங்கள். மிச்சத்தில் நேரான கழுத்து உள்ள ஒரு கிட்டார் வந்தால் வாங்குங்கள். இந்த வருடம் வராவிட்டால் அடுத்த வருடம். காது அதற்கும் அடுத்து. இரண்டாகப் பிரித்து வாங்க இடம் கொடுக்கிற கருவியைத்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அந்த வகையில் இது வேண்டாத செலவு அல்ல. உங்கள் வீட்டம்மாவிடமும் இதைப் படித்துக் காட்டுங்கள். வாரம் முழுவதும் இரும்போடு இருக்கிற மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கம்பியோடு இருக்க உரிமை உண்டு என்று வாத்தியார் சொன்னதாகவும் சொல்லுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கதையில் ஃபெண்டரும் சேத் லவரும் ரேடியோ பழுதுபார்த்தவர்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். நம் ஊர்களிலும் ரேடியோ மெக்கானிக்குகளும் ரேடியோ செட்காரர்களும் எத்தனையோ கருவிகளுக்கு உயிர் கொடுத்திருக்கிறார்கள். மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான், வாடிப்பட்டி என்று உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்திருந்தால், அவர் செய்த வேலையைப் பற்றிக் கீழே நாலு வரி எழுதுங்கள். அவர்களுடைய வரலாற்றை வேறு யார் எழுதப் போகிறார்கள்?